நேரடி விமானம் இல்லை

மே 20, திங்கள்

இன்று ஐம்பத்து மூன்று பக்கம். இலக்கு அறுபது. பிரதாப் சுவரில் ஒட்டியிருக்கும் பட்டியலை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார். முதலாளிக்கு வயது இருபத்தெட்டு. என்னை அக்கா என்று கூப்பிடுவதால் நேராகத் திட்ட முடியாது, பட்டியலைப் பார்ப்பார்.

நாட்குறிப்பு எழுதினால் மனம் தெளியும் என்று சொல்வார்கள். என் மனம் தெளிவாகத்தான் இருக்கிறது. தமிழ் எம்.ஏ. படித்த கை, நாளெல்லாம் ‘விமான நிலையம்’, ‘விமான நிலையம்’ என்று தட்டிக்கொண்டே இருப்பதால் வேறு எதையாவது எழுதலாமே என்று தோன்றியது. அவ்வளவுதான்.

எங்கள் அலுவலகம் கோயம்புத்தூர் கணபதியில், ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. இணையதளம் நடத்துகிறோம். உலகத்தில் ஏதாவது இரண்டு விமான நிலையங்களை எடுத்துக்கொண்டு, இடையில் எத்தனை கிலோமீட்டர், பறக்க எத்தனை மணி நேரம் என்று ஒரு பக்கம் போட வேண்டும். தூரத்தைக் கம்ப்யூட்டர் கொடுத்துவிடும். நேரத்துக்குப் பிரதாப்பிடம் ஒரு கணக்கு இருக்கிறது. தூரத்தை எண்ணூற்று ஐம்பதால் வகுத்து, ஏற இறங்க அரை மணி சேர்த்துக்கொள்ள வேண்டும். அதைச் சுற்றி நாலு பத்தி தமிழ் எழுதுவது என் வேலை. ‘பயணிகள் தங்கள் பயணத்தை இனிதே திட்டமிடலாம்’ என்று முடிக்க வேண்டும். இந்த வாக்கியத்தை ஆயிரத்து எழுநூறு தடவையாவது எழுதியிருப்பேன். நான் இதுவரை விமானத்தில் ஏறியதில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் பழகிப் பார்க்க நானே ஒரு பக்கம் போட்டேன். கோயம்புத்தூர் – ஷார்ஜா. 2,768 கிலோமீட்டர். 3 மணி 45 நிமிடம். என் மகள் நறுமுகையின் அப்பா அங்கேதான் ஏ.சி. குழாய் செய்யும் பட்டறையில் சூப்பர்வைசர். கடைசியாக வந்து மூன்று வருடம் ஆகிறது. அவர் இல்லாமல் அங்கே ஒன்றும் நடக்காது. பொறுப்பான வேலை என்றால் அப்படித்தான்.

மே 22, புதன்

எட்டு நாளுக்குப் பிறகு தண்ணீர் வந்தது. பதினொரு குடம். ஐம்பத்தொன்பது பக்கம்.

மே 24, வெள்ளி

இன்று கோயம்புத்தூரிலிருந்து கிளம்பும் வரிசை. ஆக்லாந்து, ஆண்டனனாரிவோ, ஆம்ஸ்டர்டாம் என்று அகர வரிசையில் போய்க்கொண்டிருந்தேன். ஆக்லாந்து நியூசிலாந்தில் இருக்கிறது. 11,426 கிலோமீட்டர். கணக்குப் போட்டால் 13 மணி 57 நிமிடம்.

அதில் கொஞ்சம் கை நின்றது. பிரதாப்பிடம் போய்க் கேட்டேன்.

“ஏனுங் பிரதாப், இங்கிருந்து நியூசிலாந்துக்கு நேராப் போற ஃப்ளைட் இருக்குதுங்களா?”

“இல்லீங்க்கா. சிங்கப்பூர்ல எறங்கி மாறோணும்.”

“அப்பப் பதினாலு மணி நேரத்துல எப்படிப் போறது?”

“நாம பறக்கற நேரந்தானுங்க்கா போடறோம். காத்திருக்கற நேரத்த ஆருக்கா தேடறா?”

ஞாயமான பேச்சுதான். ‘பயணிகள் தங்கள் பயணத்தை இனிதே திட்டமிடலாம்’ என்று முடித்துவிட்டு ஆண்டனனாரிவோவுக்குப் போனேன். அறுபத்தொரு பக்கம். பட்டியலில் என் பெயருக்கு நேரே பச்சைப் புள்ளி வைத்தார்கள்.

மே 26, ஞாயிறு

ஷார்ஜாவிலிருந்து அவர் போன் செய்தார். ஜூனில் வர முடியாதாம்.

“லீவு கெடைச்சாலும் ஃப்ளைட் இல்ல வாணி. நேர் ஃப்ளைட்ட எல்லாம் நிறுத்திட்டாங்க. மஸ்கட் போய், அங்கிருந்து பம்பாய் போய், அப்புறம் கோயம்புத்தூர். இருபது மணி நேரம் ஆகுதாமா. நாலு நாள் லீவுல ரெண்டு நாள் ஏர்போர்ட்லயே போயிரும்.”

பாவம், அலைச்சல் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. பரவாயில்லைங்க என்றேன். நறுமுகையிடம் கொடுத்தேன். “ம், ம், சரிப்பா” என்று மூன்று சொல் பேசிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். வயது பன்னிரண்டு ஆகிறது. இப்போதெல்லாம் அவள் எப்ப வருவீங்க என்று கேட்பதில்லை. புத்தி வளர்ந்துவிட்டது.

மே 27, திங்கள்

விமான கம்பெனிகள் நேரத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். நம் பக்கத்தில் தப்பு இருந்துவிடக் கூடாதே என்று ஷார்ஜாவைச் சரிபார்த்தேன். நேர் விமானம் இருக்கிறது. நேற்றுகூட வந்துபோயிருக்கிறது.

அவருக்கு யாரோ தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள்.

ஜூன் 3, திங்கள்

ஆக்லாந்து பக்கத்தின் கீழே ஒருவர் கருத்து எழுதியிருக்கிறார். வழக்கமாக அங்கே வந்து விழுவது கடன் விளம்பரம்தான். இது வேறு. அப்படியே எடுத்து எழுதுகிறேன்:

‘என் பெயர் பூபதி. ஆக்லாந்தில் வேலை பார்க்கிறேன். ஊர் கோபிக்குப் பக்கம். என் தகப்பனார் மே 26 ஞாயிறு காலை இறந்துவிட்டார். என் தங்கை உங்கள் பக்கத்தைப் பார்த்து, அண்ணன் பதினாலு மணி நேரத்தில் வந்துவிடுவார் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிவிட்டாள். நான் போய்ச் சேர்ந்தது புதன்கிழமை. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பதினாலு மணி நேரத்தில் வர வேண்டியவன் மூன்று நாள் ஆக்கிவிட்டான் என்று ஊரே பேசுகிறது. இதை எழுதியவர் யார் என்று தெரிய வேண்டும்.’

இரண்டு தடவை படித்தேன். பிரதாப்பைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஒரு தடவை படித்துவிட்டு அழித்தார். “இதையெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க்கா” என்றார். மனதில் வைத்துக்கொள்ளவில்லை. தேதியை மட்டும் கணக்குப் பார்த்தேன். நான் அந்தப் பக்கத்தைப் போட்டு இரண்டு நாளில் அவருடைய அப்பா இறந்திருக்கிறார்.

நாற்பத்தேழு பக்கம்.

ஜூன் 5, புதன்

பூபதி நேரிலேயே வந்துவிட்டார். பக்கத்தின் அடியில் எங்கள் முகவரி இருக்கிறதே.

நாற்பத்தாறு, நாற்பத்தேழு வயது இருக்கும். மொட்டை அடித்த தலையில் முடி லேசாக முளைத்திருந்தது. பால் பண்ணைகளில் கறவை இயந்திரம் பழுது பார்க்கும் வேலையாம் அங்கே. சத்தம் போடுவார் என்று நினைத்துப் பிரதாப் கீழே ஹார்டுவேர் கடைக்காரரை மேலே வரச்சொல்லி வைத்திருந்தார். பூபதி சத்தம் போடவில்லை. செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தார்.

“அத எழுதுனது ஆருங்க?”

நான் எழுந்து நின்றேன். “நான்தாங்க.”

என்னை மேலும் கீழும் பார்த்தார். ஆணாக, கண்ணாடி போட்டவனாக யாரையோ எதிர்பார்த்து வந்திருப்பார் போல.

“சண்டைக்கு வரலீங்க. எனக்கு ஒரு லெட்டர் வேணும். அந்த நேரம் தப்பு, நேர் ஃப்ளைட் கெடையாதுன்னு உங்க கம்பெனி பேர் போட்டு எழுதிக் குடுத்தாப் போதும். திங்கக்கெழம பதினாறாம் நாள் காரியம். எல்லாரும் வருவாங்க. எங்க பெரியப்பன் என்ற மொகத்தப் பாத்துப் பேசறதில்ல. தங்கச்சி சோறு போடறா, வாய் தொறக்கறதில்ல. ஒரு காயிதம் இருந்துதுன்னா காட்டிருவேன்.”

“உக்காருங்க, டீ சொல்றேன்” என்றேன்.

“அப்பனோட மொகத்தக்கூடப் பாக்கலீங்க” என்றார். டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

பிரதாப் வெளியே வந்து, பரிசீலிக்கிறோம் என்றார். எங்கள் அலுவலகத்தில் அந்தச் சொல்லை நான் கேட்டது இன்றுதான்.

ஜூன் 6, வியாழன்

பிரதாப் சொன்னது: “அக்கா, எழுத்துல குடுத்தா மாட்டிக்குவோம். நாளைக்கு இன்னும் நூறு பேரு வந்து நிப்பாங்க. ஒரு வரி குடுக்கக் கூடாது.”

நான் சொன்னது: “சரிங்க.”

ஜூன் 7, வெள்ளி

அரிசி ஊறப் போட்டேன். நறுமுகையின் பள்ளிச் சீருடைக்கு விளிம்பு பிரித்துத் தைத்தேன். போன வருடத்தைவிட மூன்று விரல் வளர்ந்திருக்கிறாள். நடுவில் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதிப் பார்த்தேன். ‘எங்கள் இணையதளத்தில் வெளியான பறப்பு நேரம் ஒரு கணிதத் தோராயம் மட்டுமே என்பதை இதன்மூலம்…’

கிழித்துப் போட்டேன். சாவு வீட்டில் காட்டுகிற கடிதம் இப்படியா இருக்கும்?

ஜூன் 9, ஞாயிறு

அவர் பேசினார். ஷார்ஜாவில் பக்ரீத்துக்கு நாலு நாள் விடுமுறையாம். ஆனால் எல்லா டிக்கெட்டும் போய்விட்டதாம். பின்னால் ஒரு குழந்தை அழுதது. பக்கத்து அறைக்காரர் குடும்பத்தைக் கூட்டி வந்திருக்கிறாராம். அந்தக் குழந்தை இவரை “பாபா” என்று கூப்பிட்டது. குழந்தைகள் யாரையும் அப்பா என்று கூப்பிடும்.

நாளைக்கு விடுப்பு கேட்டுப் பிரதாப்புக்கு மெசேஜ் அனுப்பினேன். ‘வயிற்று வலி.’ உண்மையில் லேசாக வலித்தது.

ஜூன் 10, திங்கள்

காலையில் நறுமுகையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, சாயங்காலம் பார்த்துக்கொள்ளும்படி பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, காந்திபுரம் போய்க் கோபி பஸ் ஏறினேன். எண்பது கிலோமீட்டர். எங்கள் கணக்குப்படி முப்பத்தாறு நிமிடம். அன்னூரில் ஒரு மாட்டு வண்டிக்குப் பின்னாலேயே அவ்வளவு நேரம் போயிற்று. இறங்கும்போது இரண்டே முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. அங்கிருந்து, பூபதி எழுதிக் கொடுத்திருந்த முகவரிக்கு, வாய்க்கால் ஓரமாக ஒரு டவுன் பஸ்.

ஏன் போனேன் என்று கேட்டால், கடிதம்தான் கொடுக்கக் கூடாது என்றார் பிரதாப். வாயால் சொல்லக் கூடாது என்று சொல்லவில்லை.

வாசலில் சாமியானா போட்டிருந்தது. நாற்பது, ஐம்பது பேர் இருந்தார்கள். காரியம் முடிந்து பந்தி போடும் நேரம். பூபதி என்னைப் பார்த்ததும் ஓடி வந்தார். “லெட்டர் கொண்டாந்தீங்களா?”

“இல்லீங்க. நானே சொல்லிடறேன்.”

அவர் முகம் ஏனோ மாறியது. சந்தோஷப்படுவார் என்று நினைத்திருந்தேன். “நீங்களேவா?” என்று கேட்டு, சுற்றிலும் பார்த்தார். அதற்குள் வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் வந்து என் கையைப் பிடித்தார். பூபதியின் தங்கை அமுதா. என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார்.

“நீங்கதானுங்களா அந்தக் கம்ப்யூட்டர் அம்மிணி? உள்ள வாங்க.”

சமையல்கட்டுக்குப் பின்னால் வாழையிலைக் கட்டு கிடந்தது. ஒரு ஈரத்துணியை என் கையில் கொடுத்தார். இருவரும் இலை துடைத்தோம். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். இரண்டு வாக்கியம் போவதற்குள் அவர் குறுக்கே பேசிவிட்டார்.

“அது தப்புன்னு எனக்கு ஞாயித்துக்கெழமையே தெரியுமுங்க.”

“தெரியுமா?”

“மொதல்ல உங்களுதப் பாத்துட்டுத்தான் பெரியப்பன்கிட்ட சொன்னேன். அப்பறம் சந்தேகமா இருந்துச்சு. கோபில ஒரு டிராவல்ஸ்காரருக்கு போன் பண்ணிக் கேட்டேன். அம்மிணி, சிங்கப்பூர்ல மாறோணும், முழுசா ஒரு நாள் ஆகுமுன்னாரு. அதனாலதானுங் திங்கக்கெழம எடுக்கறதா இருந்தத செவ்வாக்கெழம மத்தியானத்துக்குத் தள்ளி வெச்சேன். ஐஸ் பொட்டி வாங்கி வெச்சு, எல்லாரு வாயிலயும் நான்தான் உழுந்தேன்.”

“அப்படியும் அண்ணன் வரலீங்களா?”

அமுதா ஒரு இலையை எடுத்தார், துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.

“புதங்கெழம வந்துச்சு. பொட்டிய நான்தான் வாங்கி உள்ள வெச்சேன். அதுல ஏர்போர்ட்டு சீட்டு தொங்குச்சுங்க. இருபத்தெட்டுன்னு போட்டிருந்துது. எங்கப்பனத் தூக்குன அன்னிக்குத்தான் அண்ணன் அங்க பிளேனே ஏறியிருக்குது. ஞாயித்துக்கெழமையும் ஃப்ளைட் இருந்துச்சு, திங்கக்கெழமையும் இருந்துச்சு. டிராவல்ஸ்காரர் பாத்துச் சொன்னாரு.”

ஒரு வாரமாக நான் சுமந்துகொண்டு திரிந்த தப்பு என்னுடையதே இல்லை என்றால் நிம்மதியாக இருக்க வேண்டும். ஏதோ கையில் இருந்ததைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

“நீங்க கேக்கலீங்களா?”

“கேட்டா என்னத்தச் சொல்லும்? ஆறு வருசம் எங்கப்பன் படுக்கைல கெடந்தாரு. அள்ளிக் கொட்டுனது நானு. அண்ணன் வாரத்துக்கு ஒருக்கா போன்ல பேசும். எனக்கு ஆத்திரம் இல்லாம இல்லீங்க. ஆனாப் பொறந்த வூட்டுல எனக்குன்னு மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான். கேட்டுட்டேன்னா, அதுக்கு இங்க மறுபடி வர மூஞ்சி இருக்காது.” துணியைப் பிழிந்தார். “நீங்க வந்ததும் நல்லதாப் போச்சு. கம்ப்யூட்டர்ல தப்பாப் போட்டுட்டோமுன்னு எல்லாருத்துக்கும் முன்னால சொல்லிருங்க. சனத்துக்கு அது போதும். நானும் அத வெச்சுட்டுப் பேச ஆரம்பிச்சிருவேன்.”

அப்படியே சொன்னேன். சாமியானாவுக்குக் கீழே நின்று, கை கூப்பி, நேரடி விமானம் கிடையாது, பதினாலு மணி நேரம் என்று போட்டது தப்பு, எழுதியது நான்தான் என்றேன். ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

வெள்ளை மீசை வைத்த பெரியப்பா எழுந்து வந்தார். “படிச்ச புள்ளதான நீயி?”

“ஆமாங்க.”

“என்ன படிச்சிருக்கறே?”

“எம்.ஏ. தமிழுங்க.”

“எம்.ஏ. படிச்சுப் போட்டு இப்படியா எழுதறது? ஒரு மனுசன் அப்பன் மொகத்தப் பாக்காமப் போயிட்டானே! நாங்க இவனப் போய்த் தப்பா நெனச்சுட்டோமே!”

அதன் பிறகு ஆளாளுக்குப் பேசினார்கள். கம்ப்யூட்டரைத் திட்டினார்கள், செல்போனைத் திட்டினார்கள், இந்தக் காலத்துப் பெண்பிள்ளைகளைத் திட்டினார்கள். அரை மணி நேரம் இருக்கும். எல்லோருக்கும் முகம் தெளிந்துவிட்டது. பெரியப்பா பூபதியின் தோளில் கை போட்டு, “வாடா, உக்காரு, சாப்புடு” என்று பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அமுதா அண்ணன் இலையில் வடையை வைத்து, “இன்னொண்ணு வெக்கட்டா?” என்று கேட்டார். அண்ணன் வந்ததிலிருந்து அவரோடு பேசிய முதல் பேச்சு அதுதானாம். பூபதி தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். எனக்கும் இலை போட்டார்கள். என்னைத் திட்டியவர்களே ரசம் ஊற்றினார்கள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பூபதிதான் யாருடைய ஸ்கூட்டரிலோ கொண்டுவந்து விட்டார். பஸ் வரக் கொஞ்ச நேரம் இருந்தது. தானாகவே சொன்னார்.

“ஞாயித்துக்கெழமையே ஏர்போர்ட் போயிட்டனுங்க. டிக்கெட்டும் எடுத்தாச்சு. கார் நிறுத்தற எடத்துல உக்காந்தவன் எந்திரிக்கல. திங்கக்கெழமையும் அப்படித்தான். அப்பன் மொகத்தப் பாத்துரலாம்னு தைரியம் இருந்துச்சு. அமுதா மொகத்த எப்படிப் பாக்கறது? ஆறு வருசம் அவ ஒருத்தியா… எல்லாம் முடிஞ்சப்பறம் போனா, கூட்டத்தோட கூட்டமாப் பாத்துக்கலாம்னு…” நிறுத்திக்கொண்டார். “அதுக்கப்பறம்தான் உங்க பக்கம் கண்ணுல பட்டுது.”

தங்கைக்குத் தெரியும் என்று நான் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை. “உங்களுக்குப் பெரிய உபகாரம்” என்றார். பஸ் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து குளித்தேன். நறுமுகை, “எங்கம்மா போன?” என்றாள். “ஆபீஸ் வேலையா” என்றேன்.

ஜூன் 11, செவ்வாய்

ஆக்லாந்து பக்கத்தைத் திறந்து கடைசி வரியை எடுத்தேன். அந்த இடத்தில் இப்படிப் போட்டேன்: ‘நேரடி விமானம் இல்லை. வீட்டிலிருந்து கிளம்பி வீடு வந்து சேர ஒரு நாளுக்கு மேல் ஆகும். காத்திருப்பவர்களிடம் அதையே சொல்லுங்கள்.’

பிறகு ஆம்ஸ்டர்டாம். பிறகு ஆண்டனனாரிவோ. புதிய பக்கம் ஒன்றுகூட இல்லை. பட்டியலில் சிவப்புப் புள்ளி.

ஜூன் 13, வியாழன்

பிரதாப் கண்டுபிடித்துவிட்டார்.

“அக்கா, என்னங்க்கா பண்றீங்க? ‘விமானம் இல்லை’ன்னு போட்டா எவன் நம்ம சைட்டுக்கு வருவான்?”

“இல்லாததத்தான இல்லேன்னு போடறேன்.”

“இந்த மாசம் பாப்பேன். வர்றவங்க கொறைஞ்சாங்கன்னா…” முடிக்கவில்லை. அக்கா என்று கூப்பிடுகிறவர்களுக்கு இது ஒரு சிரமம்.

ஷார்ஜா பக்கத்தில் திருத்த ஒன்றும் இல்லை. அதைத் திறந்து, பார்த்து, மூடினேன்.

ஜூன் 16, ஞாயிறு

பக்ரீத். அவர் பேசினார். விடுமுறைதானாம், ஆனால் காய்ச்சலாம். சரி, தீபாவளிக்கு வரலாம் என்றால் புயல் காலம், விமானம் இறங்காதாம்.

எனக்கு அமுதா இலை துடைத்துக்கொண்டே பேசியது நினைவுக்கு வந்தது. அவர் கேட்காமல் விட்டது அவருக்குச் சரி. அண்ணன் என்ன செய்தார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நான் மூன்று வருடமாக எதையும் தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்கு, இவர் சொல்கிற காரணங்களையெல்லாம் துடைத்துத் துடைத்து அடுக்கிக்கொண்டிருக்கிறேன்.

“காரணம் வேண்டாங்க” என்றேன். “வர்றீங்களா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க.”

“என்ன வாணி, இப்படிப் பேசற?”

“வர்றீங்களா, இல்லையா?”

சிக்னல் சரியில்லை என்றார். எனக்கு அவர் மூச்சுவிடுவதுகூடத் தெளிவாகக் கேட்டது. போன் நின்றுவிட்டது.

இட்லிக்கு மாவு ஆட்டினேன். உளுந்தில் தண்ணீர் அதிகமாகிவிட்டது.

ஜூன் 18, செவ்வாய்

பிரதாப் குதித்துக்கொண்டு வந்தார். ‘நேரடி விமானம் இல்லை’ என்று போட்ட பக்கங்களில்தான் ஆட்கள் அதிக நேரம் நின்று படிக்கிறார்களாம். “அக்கா, சூப்பருங்க்கா. உண்மைக்கு இவ்வளவு மதிப்பிருக்குதுன்னு தெரியாமப் போச்சு. எல்லாப் பக்கத்துலயும் போட்டுருங்க, நேர் ஃப்ளைட் இருக்கறதுலயும் போட்டுருங்க.”

அது பொய்யாகிவிடும் என்று விளக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. முழுதாக ஒத்துக்கொண்டாரா என்று தெரியவில்லை.

ஜூன் 19, புதன்

பதில் வந்தது. மெசேஜ்தான். முதல் சொல் ‘வரல’. அதன் கீழே ஏழெட்டு வரி. அவற்றை இங்கே எழுதவில்லை. நறுமுகை ஒரு நாள் இந்த நோட்டை எடுத்துப் படிப்பாள். அவளுக்கு நானே வாயால் சொல்ல வேண்டும்.

பக்கத்து அறை என்று எதுவும் கிடையாது.

ஜூன் 20, வியாழன்

அறுபத்திரண்டு பக்கம். பச்சைப் புள்ளி.

ஜூன் 21, வெள்ளி

நறுமுகையிடம் சொன்னேன். முழுவதும் இல்லை, வேண்டிய அளவு. தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே சொன்னேன். முகம் பார்க்க வேண்டியிருக்காது என்று. பூபதியை நான் குறை சொல்ல முடியாது.

“எனக்குத் தெரியும்மா. உனக்குத் தெரியாதுன்னு நெனச்சேன்” என்றாள்.

ஜூன் 23, ஞாயிறு

போன் வரவில்லை. துணி துவைத்தேன். பதினொரு மணிக்கு வாசலில் ஆட்டோ நின்றது. அமுதா.

அண்ணனைப் பீளமேடு ஏர்போர்ட்டில் ஏற்றிவிட்டு வருகிறாராம். என் முகவரியைப் பூபதி அலுவலகத்துக்குப் போன் செய்து வாங்கிக் கொடுத்திருக்கிறார். கையில் ஒரு பை நிறைய மாங்காய்.

“உள்ள போறப்ப அழுதுதுங்க. ‘பொங்கலுக்கு வர்றேன் அமுதா’ன்னுச்சு. வந்தா வரட்டும், வராட்டிப் போன்லயாச்சும் பேசட்டும். இப்பக் கெளம்புனா எப்பங்க போய்ச் சேரும்?”

நாளை இந்த நேரம் தாண்டித்தான் என்றேன். சிங்கப்பூரில் எத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பதையும் சொன்னேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்துக்கொண்டார்.

அடுப்பைப் பற்ற வைத்து டீ போட்டேன். அவர் சமையலறை நிலைப்படியில் சாய்ந்து நின்று, வீட்டைச் சுற்றிப் பார்த்தார். சுவரில் எங்கள் கல்யாண போட்டோ.

“உங்க வூட்டுக்காரர் எங்கீங்க இருக்காரு?”

இந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கும். ஷார்ஜாவுல, பெரிய பொறுப்புல, அடுத்த லீவுக்கு வர்றாருங்க. வீட்டுக்காரம்மா, பள்ளி ஆசிரியர், காய்காரர் எல்லோருக்கும் அதே.

“ஷார்ஜாவுலங்க” என்றேன். “அங்க அவருக்கு வேற குடும்பம் இருக்குது. இனி வர மாட்டாருங்க.”

நான் நீட்டிய டம்ளரை அமுதா வாங்கிக்கொண்டு கீழேயே உட்கார்ந்தார். நானும் எதிரே உட்கார்ந்தேன். மாங்காய் எந்த மரத்தது, ஊறுகாய்க்கு எப்படி நறுக்க வேண்டும் என்று பேசிக்கொண்டே குடித்தார். முழுவதும் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

அதன் பிறகுதான் நான் என்னுடையதை வாயில் வைத்தேன். இரண்டு டம்ளரிலும் சர்க்கரையே போட்டிருக்கவில்லை.